பதிவேட்டில் முதலில் யார் பெயர்?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி ரெண்டு நாள்தான் பொதுவாகத் திறந்திருக்கும். அந்த நாட்களில் நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பஸ்ஸுக்குப் பஸ் கூட்டம் இறங்கும். எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை, கூட வந்தது யாருன்னு ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. மற்ற நாட்களில் அப்படி இல்லை. யார் எந்த பஸ்ஸில் இறங்கினாங்கன்னு டீக்கடை பெஞ்சுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கும் தெரிஞ்சிடும்.

என்னிடம் புத்தகம் வாங்கிப் படிக்கும் கல்லூரித் தம்பி ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, கேமரா, கார்டு, கண்காணிப்பு, பணக்காரன் ஏழைன்னு பிரிஞ்சு கிடக்கிற ஊரு… இப்படி ஒரு டிஸ்டோபியா கதை. ஆனா அதுல வர்றவங்க திருநங்கை, திருநம்பி, ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்க. அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

ஏன் கேட்கிறார்னு நான் கேட்கலை. ஒரு வாரம் டைம் கொடுங்க தம்பி, தேடிப் பார்த்துச் சொல்றேன்னு அனுப்பிவிட்டேன். தேடினது கதை. கையில் கிடைச்சது ஒரு சட்டம். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

கதையில் யாரைக் கண்காணிக்கிறார்கள்?

டிஸ்டோபியா என்றால் கெட்டுப்போன எதிர்காலம். தமிழில் நம்மில் பலருக்கு அதை முதலில் காட்டியவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2021-ல் நடக்கிற கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெத்துக்கிறதுக்கும் அரசாங்க அனுமதி வேணும். நிலாவையும் ஜீனோ என்ற நாய் ரோபோவையும் மறந்தவங்க குறைவு. அந்தக் கதை உலகத்தில் எல்லாருமே ஜீவாவின் பிடியில் இருக்காங்க.

1949-ல் வந்த ஆர்வெலின் '1984' இன்னும் விசித்திரமானது. அதில் சுவருக்குச் சுவர் திரை வைத்து ஆட்களைப் பார்ப்பார்கள், சரி. ஆனால் யாரை? கட்சி உறுப்பினர்களை. அதாவது அலுவலகம் போகிற, எழுதப் படிக்கத் தெரிந்த நடுத்தர வர்க்கத்தை. மக்கள் தொகையில் 85 சதவீதமான உழைப்பாளிகளைக் கட்சி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவர்களுடைய அந்தரங்க வாழ்க்கை எப்படியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

நாவலுக்கு இது பொருந்தலாம். வரலாற்றைப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. கண்காணிப்பு எப்போதும் மேலிருந்து கீழே பார்த்திருக்கிறது. முதலில் ஏழையை, அதிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வித்தியாசமாக வாழ்கிற ஏழையைப் பார்த்திருக்கிறது.

நம்ம மொழியிலேயே இதற்குச் சாட்சி இருக்கு. 'கண்காணிப்பு' என்ற சொல்லுக்குள் 'கண்காணி' உட்கார்ந்திருக்கிறார். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போய், அங்கே அவர்களுக்கு மேஸ்திரியாக நின்றவர்தான் கண்காணி. கூலியாளின் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் அந்த முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். கண்காணி கூலியாளைப் பார்த்தார். துரையைக் கண்காணிக்க ஒரு கண்காணி கிடையாது. கண்காணிப்பும் ஏற்றத்தாழ்வும் ரெண்டு தனித்தனி விஷயம்னு நினைக்கிறவங்க இந்த ஒரு சொல்லை யோசிச்சுப் பார்க்கலாம்.

12 அக்டோபர் 1871

இப்போ அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம். தமிழ்நாட்டில் இதை 'ரேகைச் சட்டம்' என்று நினைவு வைத்திருக்கிறோம். பிரமலைக் கள்ளர், குறவர் என்று பல சமூகங்களை வதைத்த சட்டம். ஆனால் அதன் இரண்டாம் பகுதி எந்தச் சாதியையும் பற்றியது அல்ல என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது 'யூனக்' என்ற ஆங்கிலச் சொல்லால் சட்டம் குறிப்பிட்டவர்களைப் பற்றியது. நடைமுறையில் அது குறிவைத்தது வட இந்திய ஹிஜ்ராக்களை.

24-ஆம் பிரிவிலிருந்து எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கதை மாதிரியே இருக்கும்.

மாகாண அரசு ரெண்டு பதிவேடு வைக்க வேண்டும். ஒன்றில் பெயரும் இருப்பிடமும். யாருடைய பெயர்? பிள்ளைகளைக் கடத்துவதாகவோ, விதைநீக்கம் செய்வதாகவோ, இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவில் வரும் குற்றம் செய்வதாகவோ 'சந்தேகிக்கப்படும்' யூனக்குகளின் பெயர். குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, சந்தேகம் போதும். இரண்டாவது பதிவேட்டில் அவர்களுடைய சொத்து விவரம்.

யூனக் என்பது யார்? தானே ஒப்புக்கொள்பவர், அல்லது மருத்துவப் பரிசோதனையில் ஆண்மையற்றவராகத் தெரிய வருபவர். ஆக, பதிவேட்டுக்குப் போகும் வழி உடல் பரிசோதனை வழியாகப் போகிறது.

பெயர் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பெண் போல உடுத்தி, நகை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வேறு இடத்தில் நிற்கவும் கூடாது. பொது இடத்தில் ஆடக் கூடாது, வாத்தியம் வாசிக்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் ஆடுவதும் குற்றம். மீறினால் பிடியாணை இல்லாமலே கைது. ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். 16 வயதுக்குக் குறைந்த பையனை வீட்டில் வைத்திருந்தால் அதற்கும் இதே தண்டனை.

அதோடு முடியலை. பதிவானவர் எந்தச் சிறாருக்கும் காப்பாளராக இருக்க முடியாது. தானம் கொடுக்க முடியாது. உயில் எழுத முடியாது. பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது.

வரிசையாக யோசிச்சுப் பாருங்க. உடையைப் பிடுங்கினாங்க. பிழைப்பைப் பிடுங்கினாங்க, ஏன்னா அவங்க பிழைப்பே பிள்ளை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஆடிப் பாடிக் கிடைக்கிற காசு. குரு–சேலா என்று அவங்களுக்குள் இருந்த குடும்பத்தைப் பிடுங்கினாங்க. செத்த பிறகு சொத்து யாருக்குப் போகணும்னு சொல்கிற உரிமையையும் பிடுங்கினாங்க. மார்கரெட் அட்வுட் தன்னுடைய 'ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் வரலாற்றில் எங்கேயும் நடக்காத எதையும் சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சின் அர்த்தம் இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

இது எங்கிருந்து வந்தது? ஜெசிகா ஹிஞ்சி என்ற வரலாற்றாய்வாளர் 2019-ல் வெளிவந்த தன்னுடைய நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1852-ல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி மாவட்டத்தில் பூரா என்ற ஹிஜ்ரா கொலை செய்யப்பட்டார். கொலையை விசாரித்த ஆங்கிலேய நீதிபதிகள் செத்துப் போனவருக்காகக் கவலைப்பட்டதை விட, இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதே என்றுதான் அதிகம் கவலைப்பட்டார்கள். அடுத்த இருபது வருஷம் அந்தப் பயம் கோப்பு கோப்பாக வளர்ந்தது. வடமேற்கு மாகாண அதிகாரிகளின் நோக்கம் வெளிப்படையானது: பெயரை எழுதி வை, புது ஆள் சேராமல் பார்த்துக்கொள், பிள்ளைகளைப் பிரி, கொஞ்சம் கொஞ்சமாக இந்தக் கூட்டம் இல்லாமல் போகட்டும்.

'கௌரவமானவர்' தப்பித்தார்

இந்த இடத்தில்தான் தம்பி கேட்ட ஏழை–பணக்காரன் கேள்வி வருகிறது.

அந்தக் காலத்தில் நவாபு அரண்மனைகளிலும் பெரிய வீடுகளிலும் 'குவாஜாசரா' என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். அவர்களும் விதைநீக்கப்பட்டவர்கள்தான். ஆனால் அந்தப்புர நிர்வாகம், கணக்கு வழக்கு, சில நேரம் படை என்று பொறுப்புகளில் இருந்தவர்கள். சொத்தும் செல்வாக்கும் உள்ளவர்கள். சட்டம் பேசப்பட்டபோது அதிகாரிகள் அவர்களை 'கௌரவமானவர்கள்' என்று தனியாகப் பிரித்தார்கள். 'சந்தேகிக்கப்படும்' என்ற சொல் சட்டத்துக்குள் வந்ததன் வேலையே இதுதான். யாரைச் சந்தேகப்படலாம், யாரைப் படக் கூடாது என்பதை ஆளின் அந்தஸ்து தீர்மானித்தது. தெருவில் ஆடிப் பிழைத்தவர் பதிவேட்டுக்குள் போனார். மாளிகைக்குள் இருந்தவருக்கு அந்தப் பதிவேடு வெளியே நின்றது.

அரசாங்கம் எல்லாரையும் பிடித்துவிடவும் இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டிப் போனார்கள். சமஸ்தானங்களுக்குப் போனார்கள். தெருவில் ஆடக் கூடாதென்றால் முற்றத்துக்குள் ஆடினார்கள். உள்ளூர்ப் போலீஸும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விரட்டிக்கொண்டிருக்கவில்லை. கூட்டம் அழியவில்லை என்பதற்கு இன்றைக்கு நம் கண்முன்னாலேயே சாட்சி இருக்கு.

ஆனால் மாட்டிக்கொண்டவர் கதை வேறு. 1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு ஒரு உதாரணம். பெண் உடையில் பாடியதற்காகத் தொடர் கண்காணிப்பில் இருந்த ஒருவரைப் பிடித்து, மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பி, 377-ல் தண்டித்துவிட்டார்கள். எப்போது நடந்த குற்றம், எங்கே, யாரோடு? எதுவும் கிடையாது. உடலே குற்றத்துக்குச் சாட்சி. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, உண்மைதான். ஆனால் விடுதலை செய்த அதே தீர்ப்பில், இந்தப் பழக்கங்களை அடக்க நினைத்த அதிகாரிகளின் எண்ணம் மெச்சத்தக்கது என்றும் சொன்னது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நாஸ் அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பெழுதியபோது இந்த வழக்கையும் நினைவுகூர்ந்தது.

நம்ம பக்கம்

1871 சட்டம் அன்றைய வடமேற்கு மாகாணம், அயோத்தி, பஞ்சாப் பகுதிகளுக்காக வந்தது. சென்னை மாகாணத்துக்கு வரலை. 1911-ல் புதுச் சட்டம் வந்தபோது யூனக் பகுதி அதில் இல்லை. ஆனால் அந்த 1911 சட்டம் சென்னை மாகாணத்துக்குள் வந்தது. பதிவேட்டுக்குப் பழகிய கை அதே கைதான், இப்போது அதில் மை பூசி விரல் ரேகையும் எடுத்தது. பதிவானவர்கள் ராத்திரி காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய் ஆஜராகணும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 3 ஏப்ரல் 1920 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 31 ஆகஸ்ட் 1952-லும் சட்டம் போனது.

ஒரே சட்டத்தின் ரெண்டு பகுதிகள். ஒன்று சாதியை வைத்து எழுதியது, இன்னொன்று பாலினத்தை வைத்து எழுதியது. வடக்கே ஹிஜ்ராவின் பெயரை எழுதிய நோட்டும் உசிலம்பட்டிப் பக்கம் கள்ளரின் ரேகையை எடுத்த நோட்டும் ஒரே குடும்பம். இதை ரெண்டு வேறு வரலாறாகப் படிப்பதால் நமக்குத்தான் நஷ்டம்.

சட்டம் போனாலும் வாசகம் போகலை. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் 1919-ல் இதே அச்சில் ஒரு சட்டம் போட்டார்கள். பதிவேடு, பெண் உடைக்குக் கைது, எல்லாம் அதில் உண்டு. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது எந்த வருஷம் தெரியுமா? 2023 ஜூலை. கர்நாடகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1963-ஆம் வருடத்திய தன் காவல் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவை 2011-ல் புதிதாகச் சேர்த்தது. சந்தேகத்துக்குரிய யூனக்குகளின் பெயரும் இருப்பிடமும் எழுதிய பதிவேடு. 1871-க்குச் சரியாக 140 வருஷம் கழித்து ஏறக்குறைய அதே வார்த்தைகள். எதிர்ப்புக்குப் பிறகு 2016-ல்தான் அந்தச் சொல்லை மாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பதிவேட்டுச் சட்டம் கிடையாது. அதனால் இங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று அர்த்தமில்லை. 2006-ல் சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டு விசாரணை என்று திரும்பத் திரும்பக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு, பாலியல் ரீதியாகவும் வதைத்ததில் அவர் தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி தொடுத்த ஜெயலட்சுமி வழக்கில் 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பதிவேடு இல்லாத இடத்தில் 'சந்தேகம்' மட்டும் இருந்தாலும் போதும் என்பதற்கு இது சாட்சி.

குடும்பமும் ஒரு காவல் நிலையம்தான்

நாவல்களில் கண்காணிப்பது அரசாங்கம். நம்ம ஊரில் முதலில் பார்ப்பது வீடு, அப்புறம் தெரு, அப்புறம் சாதிச் சனம். காவல் நிலையம் கடைசியில்தான் வருகிறது. அதையும் வீடுதான் கூட்டி வருகிறது.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த சுஷ்மா வழக்கு இதுதான். மதுரையைச் சேர்ந்த ரெண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்கு வந்துவிட்டார்கள். வீட்டார் கொடுத்த 'பெண்ணைக் காணோம்' புகாரை வைத்துப் போலீஸ் தேடி வந்தது. வயது வந்த, தன் விருப்பத்தில் வீட்டை விட்டு வந்த ஆளைத் தேடிப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய கருவி இந்த 'காணவில்லை' புகார்தான். கேமரா, செல்போன் டவர் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 7 ஜூன் 2021 அன்று உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். மனதை மாற்றுகிறேன் என்று செய்யும் 'சிகிச்சை'க்கும் தடை. அதன் தொடர்ச்சியாக 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது. இந்தச் சமூகத்தினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது விதி. 1871-ல் சட்டம் போலீஸிடம் சொன்னது: இவர்களைப் பார்த்துக்கொண்டே இரு. 2022-ல் விதி போலீஸைப் பார்த்துச் சொல்கிறது: உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்வையின் திசை கொஞ்சமாவது திரும்பியிருக்கிறது.

2025 மே மாதம் இதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொண்ட குடும்பம் என்றும் ஒன்று உண்டு என்று சொன்னது. 1871 சட்டம் குருவிடமிருந்து சேலாவைப் பிரித்ததை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கேயும் ஏற்றத்தாழ்வு போகலை. நீதிமன்றம் வரை போகிற வழி எல்லாருக்கும் ஒன்றா? சென்னையில் தனி அறை எடுத்துத் தங்கச் சம்பாதிக்கிறவருக்கு ஒரு வாழ்க்கை. அண்ணன் ஒருத்தர், அம்மா ஒருத்தர் எடுத்துப் பார்க்கிற ஒரே செல்போனை வைத்திருக்கிற பெண்ணுக்கு வேறு வாழ்க்கை. இங்கேயிருந்து சென்னைப் பக்கம் போனாலும் திருச்சிப் பக்கம் போனாலும் சுங்கச்சாவடியில் கேமரா உண்டு, காரில் போகிறவரை அது வெறும் வண்டி எண்ணாகப் பார்க்கும். பஸ்ஸில் போகிறவரைப் பக்கத்து சீட்டுக்காரர் "நீ இன்னார் மக தானே?"ன்னு கேட்பார். அந்தரங்கம் அடிப்படை உரிமை, பாலின ஈர்ப்பும் அதற்குள் அடக்கம் என்று ஒன்பது நீதிபதிகள் 24 ஆகஸ்ட் 2017 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். பூட்டிக்கொள்ளக் கதவு உள்ள வீட்டுக்குத்தான் அது சீக்கிரம் போய்ச் சேரும்.

எல்லாப் பட்டியலும் ஒன்றா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பதிவேடு இவ்வளவு மோசமென்றால், தமிழ்நாடு அரசு கொடுக்கிற அடையாள அட்டை? நலவாரியம்? அதுவும் பெயர்ப் பட்டியல்தானே?

ஆமாம், அதுவும் பட்டியல்தான். 2008 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதலாவதாக இங்கே நலவாரியம் வந்தது. அட்டை வாங்கினால் ரேஷன், வீட்டுமனை, அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்று கதவுகள் திறந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் முறையாக 'மற்றவர்' என்று ஒரு கட்டம் வந்தபோது நாட்டில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் எண்ணப்பட்டார்கள். கணக்கில் வராதவருக்குத் திட்டத்தில் பங்கு வராது. ஆக, பட்டியலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரலை.

ஆனால் ஜெர்மனியை நினைத்துப் பார்க்கணும். 1920களில் பெர்லினில் போலீஸே ஒரு அட்டை கொடுத்தது. மாற்று உடையில் போகிறவர் அதைக் காட்டினால் கைது செய்ய மாட்டார்கள். மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையம் அதற்கு மருத்துவச் சான்று தந்து உதவியது. நல்ல விஷயம்தான். அதே காலத்தில் போலீஸிடம் ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களின் பட்டியலும் இருந்தது. 6 மே 1933 அன்று நாஜிகள் அந்த நிலையத்தைச் சூறையாடினார்கள். 1936-ல் ஒருபால் ஈர்ப்பை ஒடுக்கவே மத்திய அலுவலகம் ஒன்று வைத்தார்கள். பழைய பட்டியல்கள் புதுக் கைக்குப் போயின. நாஜி ஆட்சியில் 175-ஆம் பிரிவின் கீழ் ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். நிதானமான காலத்தில் எழுதின பெயரை, வெறி பிடித்த காலத்தில் வேறொருத்தர் படிப்பார். காகிதம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் எந்தப் பட்டியலையும் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்கலாம்னு தோணுது. பெயரை எழுதுவது யார்: அந்த ஆளா, அதிகாரியா? வேண்டாமென்றால் அடித்துவிட முடியுமா? எழுதிய பிறகு கதவு திறக்கிறதா, பூட்டுகிறதா?

1871 பதிவேட்டுக்கு மூன்று பதிலும் மோசம். எழுதியது அதிகாரி. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அந்த அதிகாரியிடமே போய் முறையிடலாம், அவ்வளவுதான். எழுதிய பிறகு எல்லாக் கதவும் பூட்டு. 15 ஏப்ரல் 2014-ல் உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பில் சொன்னதன் சாரம் முதல் கேள்விக்கான பதில்தான்: உன் பாலினத்தை நீயே சொல்லிக்கொள்ளலாம், உடலைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. 2019-ல் வந்த சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கச் சொன்னபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதை 1871-ஐப் படித்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சியர் நல்லவராக இருக்கலாம். பேனா யார் கையில் என்பதுதான் கேள்வி.

தம்பிக்குக் கொடுத்தது

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தவரிடம் மூன்று விஷயம் கொடுத்தேன். ரேவதியின் 'உணர்வும் உருவமும்', 2007-ல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', அப்புறம் 1871 சட்டத்தின் 24 முதல் 31 வரையான பிரிவுகளின் நகல். நாவல் கேட்டவருக்கு ரெண்டு நிஜ வாழ்க்கைப் புத்தகமும் ஒரு சட்டமும். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

வரிசையாக இப்படிப் படிங்கன்னு சொன்னேன்: முதலில் சட்டம், பிறகு அந்த ரெண்டு புத்தகம். சட்டத்தில் 'தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்' என்று ஒரு வரி வரும். சொந்த வீட்டு ஜன்னலில் நிற்பதையும் குற்றமாக்கிய வரி அது. வித்யாவின் புத்தகத்தில் ஒரு பெயரைக் காகிதத்தில் மாற்ற எவ்வளவு அலைச்சல் என்று வரும். ரேவதி எழுத்தில் போலீஸ் வரும். அந்த வரிக்கும் இந்த வாழ்க்கைக்கும் நடுவில் இருக்கிற 130 சொச்சம் வருஷம்தான் நீங்க கேட்ட கதை. அதை எதிர்காலத்தில் வைத்து எழுதணும்னா எழுதலாம். ஆனா அதில் பெரிய திரை, சர்வாதிகாரி எல்லாம் அவசியமில்லை. ஒரு நோட்டு, ஒரு சந்தேகம், ஒரு டீக்கடை பெஞ்சு இருந்தால் போதும்.

ரெண்டு வாரம் கழித்து போன் பண்ணினார். எழுத ஆரம்பிச்சிருக்காராம். நாலு பக்கம் ஆயிடுச்சாம். பேச்சுவாக்கில் கேட்டார்: "அண்ணே, எழுதி முடிச்சா என் சொந்தப் பேரைப் போடணுமா?"

அதை நீங்கதான் முடிவு பண்ணணும் தம்பி, வேற யாரும் பண்ணக் கூடாதுன்னு சொன்னேன்.